ஒண்ணு, ரெண்டு, நாலு

ஜூன் 3, இரவு

அக்கா,

இந்தக் கடிதத்தை யாரிடமும் காட்டாதே. கெஞ்சிக் கேட்கிறேன். உன்னோடு வாசிக்கிறவர்களிடம்கூட வேண்டாம். படித்ததும் கிழித்துவிடு. கிழிக்க மனசு வரவில்லை என்றால், உன் பெரிய ட்ரம்முக்குள் ஒரு தலையணை வைத்திருப்பாயே, அதன் உறைக்குள் போட்டுவிடு. அங்கே யாரும் கையை விட மாட்டார்கள்.

விளக்கைப் போடாமல் டார்ச்சைப் போர்வைக்குள் வைத்துக்கொண்டு எழுதுகிறேன். கோடு கோணலாக இருந்தால் அதுதான் காரணம். அம்மாவுக்கு ஆஸ்பத்திரியில் இந்த மாதம் முழுக்க இரவு டூட்டி. அப்பா பக்கத்து அறையில் இருக்கிறார். என் போன் அவர் தலையணைக்கு அடியில் தூங்குகிறது.

நீ ட்ரம்ஸ் அடித்த இசை பேண்டை விட்டு வெளியே வந்த செய்தி பேப்பரில் வந்த அன்றைக்கு அப்பா சாப்பிடவில்லை. "கருத்து வேறுபாடு காரணமாக" என்று போட்டிருந்தார்கள். அப்பா அதை ஒரே வார்த்தையில் மொழிபெயர்த்தார்: "திமிர்." அப்புறம் அம்மாவையும் என்னையும் உட்கார வைத்துச் சொன்னார்: "அவளா வந்து, தப்புப் பண்ணிட்டேன்ப்பா, திரும்பப் போய்ச் சேர்ந்துக்கறேன்னு சொல்லட்டும். அதுவரைக்கும் அந்தப் பேச்சே இந்த வீட்டுல கூடாது." என்னைப் பார்த்து, "நீ ஏதாவது ஒட்டுறவு வெச்சுக்கிட்டேன்னு தெரிஞ்சுது, விடுதிப் பள்ளிக்கூடத்துல கொண்டு போய் விட்டுடுவேன்" என்றார். சும்மா மிரட்டுகிறார் என்று நினைக்காதே. அந்தப் பள்ளியின் விளம்பரத் தாளை வாங்கி வந்து ஃபிரிட்ஜ் மேல் வைத்திருக்கிறார். படத்தில் எல்லாப் பிள்ளைகளும் உயர வரிசையில் நின்று ஒரே மாதிரி சிரிக்கிறார்கள்.

நம் மூக்குக்கண்ணாடிக் கடையில் உங்கள் பேண்டின் பெரிய படம் மாட்டியிருக்குமே, அதை அப்பா கழற்றவில்லை. உன் முகத்தின் மேல் மட்டும் நாள்காட்டியைத் தொங்க விட்டிருக்கிறார். உன் முழங்கையும் ஒரு குச்சியும் வெளியே நீட்டிக்கொண்டிருக்கின்றன. வருகிறவர்கள் தேதி பார்க்கிறேன் என்று உன்னைத்தான் எட்டிப் பார்க்கிறார்கள்.

ஆனால் உங்கள் புது ஆல்பத்தைக் கடையில் நாள் முழுக்கப் போடுகிறார். பிரேம் பார்க்க வருகிற வயதானவர்கள் காதைப் பொத்திக்கொள்கிறார்கள். கோபம் உன் மேல்தான், உன் அடியின் மேல் இல்லை போலிருக்கிறது.

எழுத வந்தது இதற்காகத்தான். பள்ளிக்கூடம் விட்டு வந்து கடையில் உட்கார்ந்து அந்த ஆல்பத்தைத் திரும்பத் திரும்பக் கேட்டேன். எங்கேயுமே நீ அடிக்காமல் விடுகிற அந்தக் குழி இல்லை. மூணாவது இடத்தில் ஓர் அடி விழுகிறது. நீ அங்கே அடிக்கவே மாட்டாய். அது எனக்குத் தெரியும். அப்படியென்றால் அடித்தது யார்? நீ வெளியே வந்தது அதனால்தானா?

பதிலைக் கீழ்வீட்டுத் தையல்கார அக்காவின் முகவரிக்கு எழுது. பாவாடை விளிம்பு பிரிந்துவிட்டது என்று பொய் சொல்லிக்கொண்டு போய் வாங்கிக்கொள்வேன். அவரிடம் உதவி கேட்டபோது, "காதல் கடிதமா?" என்றார். "என் அக்கா கடிதம்" என்றேன். "சே, அவ்வளவுதானா" என்றார்.

சுண்டெலி


ஜூன் 12

சுண்டெலிக்கு,

யாரிடமும் காட்டவில்லை. நீ சொன்னபடி தலையணை உறைக்குள்தான் போட்டேன். அடிக்க ஆரம்பித்ததும் ஒலிப்பதிவு செய்கிறவர் கையைத் தூக்கி நிறுத்தினார். "உள்ள ஏதோ தாள் சலசலங்குது, என்ன அது?" இவருக்கு நாங்கள் வைத்த பேர் 'பெரிய காது'. அந்தக் காதுக்குத் தப்பி எதையும் ஒளிக்க முடியாது. அதனால் இப்போது உன் கடிதம் என் சட்டைப் பையில் இருக்கிறது.

ஊரில் எத்தனை பேர் அந்த ஆல்பத்தைக் கேட்டிருக்கிறார்கள். விமர்சனம் எழுதுகிறவர்கள், ட்ரம்ஸ் சொல்லித் தருகிறவர்கள் எல்லோரும் கேட்டார்கள். ஒருத்தரும் இந்தக் கேள்வியைக் கேட்கவில்லை. கேட்டது நீ ஒருத்திதான். கேட்க உரிமை உள்ளவளும் நீதான், ஏனென்றால் அந்தக் குழியைத் தோண்டியவளே நீ.

உனக்கு நினைவிருக்காது. உன் நான்காவது பிறந்தநாள் அன்று காலையில் எழுந்து, "மூணு முடிஞ்சு போச்சு" என்று அறிவித்தாய். அதோடு மூணைக் கை கழுவினாய். படி ஏறும்போதும், சட்டைப் பொத்தான் போடும்போதும், பென்சிலைப் பெட்டியில் அடுக்கும்போதும் ஒண்ணு, ரெண்டு, நாலு. அம்மா திருத்திப் பார்த்தாள். "நான் இப்ப நாலு. எனக்கு மூணு வேண்டாம்" என்றாய். நான் அப்போது கட்டில் மேல் தலையணைகளை அடுக்கி வைத்து அடித்துப் பழகிக்கொண்டிருந்தேன். உன்னை எண்ணச் சொன்னேன். நீ எண்ணினாய். உன் வாய் ரெண்டிலிருந்து நாலுக்குத் தாவும், ஆனால் தாவுகிற நேரத்தை மட்டும் விட மாட்டாய். வாயை மூடிக்கொண்டு சரியாக ஒரு மூணுக்குக் காத்திருப்பாய். நானும் கையைத் தூக்கிக்கொண்டு காத்திருப்பேன். அதுதான் என் அடி.

பேண்டின் பேர்பெற்ற பாட்டே அந்தக் குழியில்தான் நிற்கிறது. மைதானம் நிறைந்த கூட்டம் அந்த இடத்தில் மூச்சை அடக்கும். நாலு விழுந்ததும் ஒன்றாகக் குதிக்கும். அத்தனை பேரும் உன் பிடிவாதத்துக்குள் விழுந்து எழுகிறார்கள் என்று நினைத்துச் சிரித்துக்கொள்வேன்.

இந்த ஆல்பத்தில் என்ன நடந்தது என்றால், நான் வழக்கம்போல் அடித்துக் கொடுத்துவிட்டு வந்தேன். பிறகு கணினியில் என் அடிகளை ஒவ்வொன்றாகப் பிடித்துக் கட்டம் போட்ட தாளில் உட்கார வைப்பதுபோல் உட்கார வைத்திருக்கிறார்கள். குழி இருந்த இடங்களில் என்னுடைய வேறோர் அடியை நகலெடுத்து ஒட்டியிருக்கிறார்கள். ஆக, உன் கேள்விக்குப் பதில்: அடித்தது நான்தான். அங்கே அடிக்கவில்லை.

பாடகன் தாடியிடம் போய்க் கேட்டேன். "காலியா இருந்தா, கேக்கறவன் தன்னோட ஸ்பீக்கர் போச்சுன்னு நினைப்பான்" என்றான். "நினைக்கட்டும், அடுத்த நொடி தெரிஞ்சுடும்" என்றேன். "இப்பல்லாம் யாரும்மா அடுத்த நொடி வரைக்கும் நிக்கறாங்க?" என்றான். குச்சிகளைப் பையில் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன். கதவைக்கூட அறையவில்லை.

எனக்கு வருத்தம் இல்லை என்று அப்பாவிடம் சொல்ல முடிந்தால் நன்றாக இருக்கும். நான் இப்போது என் சொந்த ஆல்பம் செய்கிறேன். ஒரு பழைய பிஸ்கட் கிடங்கை வாடகைக்கு எடுத்திருக்கிறோம். பெரிய ட்ரம்மை மிதித்தால் தரை அதிர்ந்து பலகை இடுக்கிலிருந்து வெண்ணெய் வாசனை கிளம்புகிறது. எல்லோருக்கும் நாள் முழுக்கப் பசி. பேஸ் கிட்டார் வாசிக்க, பேண்டில் என்னோடு இருந்த அதே நெட்டை இருக்கிறாள். பெரிய வயலின் மாதிரி இருக்குமே, அந்தச் செல்லோவுக்கு ஒரு பல் மருத்துவர். அவர் வாசிக்கிற பாட்டைக் கேட்டால் பல்லைப் பிடுங்குகிறவர் என்று நீயே கண்டுபிடித்துவிடுவாய், அவ்வளவு கனமான வாசிப்பு. வழக்கமாக முன்னால் கிட்டார் நிற்கும், பின்னால் ட்ரம்ஸ். இதில் தலைகீழ். நான் முன்னால். வாழ்க்கையில் இவ்வளவு நன்றாக நான் அடித்ததில்லை. அடக்கமாகச் சொல்ல எனக்கு வராது.

ஒன்றுதான் குறை. ஆல்பம் ட்ரம்ஸில் ஆரம்பிக்கக் கூடாது, அதற்கு முன் ஒருத்தர் எண்ண வேண்டும். ஒண்ணு, ரெண்டு, நாலு. அது உன் குரலாக இருக்க வேண்டும். பதிவு செய்து அனுப்புவாயா?

அக்கா


ஜூன் 20, இரவு

அக்கா,

முடியாது. கோபித்துக்கொள்ளாதே.

என் குரலை அப்பா தூக்கத்தில்கூடக் கண்டுபிடிப்பார். நான் மொட்டை மாடியில் இருமினால் கீழே இருந்து "தண்ணி குடி" என்கிறவர். ஆல்பம் வெளிவந்த அன்றைக்கே நான் விடுதிக்குப் பெட்டி கட்ட வேண்டியதுதான். உனக்கு மைதானமே திரண்டு பார்த்தாலும் பயம் வராது. எனக்கு வகுப்பில் வருகைக்குக் குரல் கொடுக்கும்போதே நாக்கு ஒட்டிக்கொள்கிறது. டீச்சர் பாதி நாள் என்னை வரவில்லை என்று குறித்துவிடுகிறார்.

இன்னொரு விஷயமும் இருக்கிறது. நேற்றுத் தாடி கடைக்கு வந்தார்.

முதலில் யாருக்கும் அடையாளம் தெரியவில்லை. தாடி தாடியை எடுத்துவிட்டார். தொப்பியை நெற்றி வரை இழுத்துவிட்டு வந்து, கண் பரிசோதனை செய்ய வேண்டும் என்றார். அப்பா எழுத்துப் பலகைக்கு எதிரே உட்கார வைத்து, "கடைசி வரியைப் படிங்க" என்றார். தாடிக்கு அது தெரியவே இல்லை. ஆனால் பாடகர் அல்லவா, நிறுத்தாமல் அடுக்கடுக்காகச் சொன்னார். ஒன்றுகூடச் சரியில்லை. அப்பா பலகையைத் திரும்பிப் பார்த்துவிட்டு, "நீங்க படிச்சது எங்க சார் இருக்கு?" என்றார். அப்போதுதான் அவர் தொப்பியைக் கழற்றிச் சிரித்தார். அப்பாவின் கையிலிருந்து லென்ஸ் கீழே விழுந்தது.

அவர் நல்லவிதமாகத்தான் பேசினார். "புதுசா சேர்த்த பையன் அந்தப் பாட்டுல தடுக்கி விழறான் சார். ரெண்டுக்கு அப்புறம் எங்க நிக்கறதுன்னு அவனுக்குத் தெரியல. கூட்டம் சிரிக்குது. உங்க பொண்ணு வந்தாத்தான் மானம் மிஞ்சும்" என்றார். ஆல்பத்தில் குழியை மூடியவர், மேடையில் அது இல்லாமல் தவிக்கிறார். எனக்குச் சிரிப்பு வந்தது. கண்ணாடித் துணியை வாயில் வைத்து அடைத்துக்கொண்டேன்.

அப்பா நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, "நான் சொன்னா கேப்பா சார். என் பொண்ணு" என்றார். தாடி போனதும் அப்பா நாள்காட்டியைக் கொஞ்சம் தள்ளி மாட்டினார். உன் ஒரு கண் இப்போது தெரிகிறது.

நீ திரும்பிப் போனால் வீட்டில் எல்லாம் சரியாகிவிடும். நான் இப்படிப் போர்வைக்குள் உட்கார்ந்து எழுத வேண்டாம். ஆனால் நீ போகக் கூடாது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. இரண்டையும் ஒரே நேரத்தில் எப்படி விரும்புவது என்று தெரியவில்லை.

சுண்டெலி


ஜூன் 22

அன்பு மகளுக்கு,

இங்கு அனைவரும் நலம். என் கையெழுத்து உனக்குப் புரியாது என்பதால் நான் சொல்ல உன் தங்கை எழுதுகிறாள். முகவரியை உங்கள் பாடகர் கொடுத்தார். நானே தபாலில் சேர்க்கிறேன். சுருக்கமாகச் சொல்கிறேன்.

1. நீ உன் குழுவுக்குத் திரும்ப வேண்டும் என்று பாடகரே நேரில் வந்து கேட்டுக்கொண்டார். இவ்வளவு பெரிய மனிதர் ஒரு சாதாரணக் கடைக்கு வந்து கேட்பது எத்தனை பேருக்குக் கிடைக்கும்?

2. பேர் கிடைப்பது எளிதல்ல. நீ முதல்முதலில் வீட்டை விட்டுக் கிளம்பியபோது உன் ட்ரம்ஸை மாடியிலிருந்து தூக்கி இறக்கியவன் நான். அந்த சிம்பல் தட்டு என் காலில் விழுந்த தழும்பு இன்னும் இருக்கிறது. அதை மறக்க வேண்டாம்.

4. ட்ரம்ஸை மட்டும் வைத்து ஓர் ஆல்பம் செய்கிறாய் என்று பாடகர் மூலம் அறிந்தேன். கண்ணாடி போடாமல் பிரேமை மட்டும் விற்றால் யார் வாங்குவார்கள்? யோசித்துப் பார்.

5. உடனே பதில் எழுது. ஆம் என்றால் வீட்டுக்கு வா. இல்லை என்றால் காரணம் எழுது. கருத்து வேறுபாடு என்று எழுதாதே.

அப்பா


ஜூன் 30

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. நீங்கள் போட்ட எண்களின்படியே பதில் எழுதுகிறேன்.

1. இல்லை, திரும்பப் போகவில்லை. அவர் வந்து கேட்டது எனக்கும் பெருமைதான். அவருக்கு நல்ல கண்ணாடியாகப் போட்டுக் கொடுங்கள். மேடையில் என்னை எப்போதும் பேஸ் கிட்டார் வாசிக்கிற நெட்டை என்று நினைத்துப் பேசுவார். கோபத்தில் வேண்டுமென்றே அப்படிப் பேசுகிறார் என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன்.

2. தழும்பை மறக்கவில்லை. நொண்டிக்கொண்டே இன்னொரு முறை மாடி ஏறி மிச்சத்தையும் இறக்கினீர்களே, அதையும் மறக்கவில்லை. அன்றைக்கு நீங்கள் இறக்கிக் கொடுத்தது ஒரு ட்ரம்ஸை, அப்பா. ஒரு பேண்டை அல்ல. ட்ரம்ஸ் என்னிடம்தான் இருக்கிறது.

4. பிரேம் மட்டும் போட்டுக்கொண்டு திரிகிறவர்களை இங்கே தெருவுக்குத் தெரு பார்க்கிறேன். அழகாக இருக்கிறது என்கிறார்கள். நீங்களும் ஒரு தட்டு நிறைய வாங்கி வையுங்கள். ஓடும்.

5. காரணம் இது. நான் அடிக்காத இடத்தில் நான் அடித்ததாகக் காட்டிவிட்டார்கள். நீங்கள் எழுதிக் கொடுத்த கண்ணாடிப் பவரை வேறு யாரோ மாற்றிவிட்டு, சீட்டில் உங்கள் பேரை மட்டும் அப்படியே வைத்திருந்தால் அந்தக் கடையில் ஒரு நாள் கூடுதலாக உட்காருவீர்களா? நான் உங்கள் மகள்.

ஆல்பம் ஆகஸ்ட் கடைசியில் வருகிறது. கேளுங்கள். பிடிக்கவில்லை என்றால் திட்டி எழுதுங்கள். அதுவும் தங்கை கையெழுத்தில் வரட்டும், அழகாக எழுதுகிறாள்.

உங்கள் மூத்த மகள்


ஜூன் 30, தனியாக

சுண்டெலி,

அப்பாவுக்கு எழுதியது வீட்டு முகவரிக்கு வரும். இது தையலக்கா வழியாக உனக்கு மட்டும்.

எண்களைப் பார்த்தேன். அப்பா பக்கத்தில் உட்கார்ந்து சொல்லச் சொல்ல, அவர் மூக்குக்கு நேராக மூணை விழுங்கியிருக்கிறாய். பிறகு அவரே ஒட்டி, அவரே தபாலில் போட்டிருக்கிறார். நான் சிரித்த சிரிப்பில் நெட்டையும் பல் மருத்துவரும் எழுந்து வந்து என்னவென்று கேட்டார்கள். சொல்லவில்லை, கவலைப்படாதே.

பயந்தவள் செய்கிற வேலையா இது? ஒன்று சொல்கிறேன். உனக்குப் பயம் இருக்கிறது. இருந்துவிட்டுப் போகட்டும். உன் கை அதைக் கேட்பதில்லை.

குரல் தர வேண்டும் என்று இனி கேட்க மாட்டேன். நானே எண்ணிக்கொள்கிறேன். பதிவு செய்து பார்த்தேன், எனக்கு ஒவ்வொரு முறையும் மூணு வந்துவிடுகிறது. பழகிக்கொள்வேன்.

அக்கா


ஜூலை 8, இரவு

அக்கா,

உன் பதிலை அப்பா என்னைப் படிக்கச் சொன்னார். படித்தேன். இன்னொரு தடவை படிக்கச் சொன்னார். அப்பா ஒரு பிரேமை எடுத்துத் துடைத்துக்கொண்டே இருந்தார். அது ஏற்கெனவே பளபளவென்றுதான் இருந்தது. கடைசியில், "மாட்டேன்னு சொல்றதை எவ்வளவு மரியாதையா சொல்றா பாரு. கொழுப்பு" என்றார். அம்மா சமையலறையிலிருந்து, "யாரைக் கொண்டு பொறந்திருக்கா?" என்றாள். அப்பா பிரேமைப் பெட்டியில் போட்டு மூடினார். அதற்காகக் கோபம் போய்விட்டது என்று நினைக்காதே. மறுநாள் விடுதிப் பள்ளிக்குப் போன் போட்டு இடம் இருக்கிறதா என்று விசாரித்தார். என் காதில் விழும்படிதான் பேசினார். இருக்கிறதாம்.

அன்று சாயங்காலம் பாவாடையைத் தூக்கிக்கொண்டு தையலக்காவிடம் போனேன். "அக்கா, உங்க போன்ல என் குரலைப் பதிவு பண்ணணும்" என்றேன்.

ஏன் போனேன் என்று கேட்காதே. விடுதியில் இடம் இருக்கிறது என்று தெரிந்ததும், இனி எனக்குக் குரலே இருக்காது என்று தோன்றியது. அங்கே போய் வரிசையில் நின்று சிரிப்பதற்குள் ஒரு தடவையாவது சத்தமாக எதையாவது சொல்லிவிட வேண்டும் போல் இருந்தது.

தையலக்கா வாசல் திரையை இழுத்துவிட்டு மெஷினில் உட்கார்ந்தார். "நீ பேசு. நான் மிதிக்கறேன். வெளிய யாருக்கும் கேக்காது" என்றார். நான் எண்ணினேன். "யாருக்கும் கேக்காதுன்னு நான் சொன்னது வெளிய இருக்கறவங்களை. எனக்குமே கேக்கல" என்றார். மறுபடி எண்ணினேன். கேவலம் அக்கா, எனக்கும் மூணு வந்துவிட்டது. வளர்ந்துவிட்டேன் போலிருக்கிறது.

கண்ணை மூடிக்கொண்டேன். படி ஏறுவதுபோல் நினைத்துக்கொண்டேன். மெஷின் ஓடிக்கொண்டே இருந்தது. ரெண்டு சொன்னதும் வாயை இறுக்கிக்கொண்டேன். அந்தக் கொஞ்ச நேரம் எவ்வளவு நீளம் தெரியுமா? விடுதி, அப்பா, வருகைப் பதிவு எல்லாம் அதற்குள் வந்துவிட்டுப் போயின. பிறகு நாலு என்றேன். தையலக்கா மிதிப்பதை நிறுத்திவிட்டு என்னையே பார்த்தார். "இதுக்கா இவ்வளவு நேரம்? இதான் உன் குரலா?" என்றார்.

அவர் போனிலிருந்தே உனக்கு அனுப்பியிருக்கிறார். மெஷின் சத்தமும் சேர்ந்துதான் இருக்கும். குரல் நடுங்குகிறது. சரியில்லை என்றால் வைத்துக்கொள்ளாதே. சரியாக இருந்தாலும் என் பேரைப் போடாதே.

சுண்டெலி


ஜூலை 19

சுண்டெலி,

கிடங்கின் எல்லாக் கதவையும் சாத்திவிட்டுக் கேட்டோம். பெரிய காது மெஷின் சத்தத்தைத் துடைத்து எடுக்கப் போனார். கையைத் தட்டிவிட்டேன். அந்தத் தையல் ஓட்டம் அப்படியே என் பெடலுக்குள் வந்து சேர்கிறது. எது மெஷின், எது என் கால் என்று தெரியாமல் ட்ரம்ஸ் தொடங்குகிறது. இனி அதற்கு மேல் எதுவும் தொட வேண்டாம் என்று அவரே சொன்னார்.

நடுக்கத்தையும் அவர் சரி செய்யவா என்றார். "தாடிகிட்டப் போயிடுங்க" என்றேன். அதற்கப்புறம் கேட்கவில்லை.

அந்தக் குழி நான் இதுவரை அடித்த எல்லாவற்றையும்விட ஆழம். நான் குழியை விடும்போது நாலு வரும் என்று எனக்குத் தெரியும். நீ விடும்போது வருமா வராதா என்று எனக்கே ஒரு கணம் தெரியவில்லை. பிறகு வருகிறது.

இப்போது நீ தீர்மானிக்க வேண்டியது. ஆல்பம் வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. அப்பா பேசியது மிரட்டலா நிஜமா என்று எனக்குத் தெரியாது. நான் தைரியசாலி என்பதால் உன் தலையை உருட்ட எனக்கு உரிமை இல்லை. உன் குரலை எடுத்துவிட வேண்டும் என்றால், வெள்ளிக்கிழமைக்குள் "எடு" என்று ஒரு சொல் எழுது. ஏன் என்று கேட்க மாட்டேன், முகம் சுளிக்க மாட்டேன். உன் குரல் இல்லாமலும் இது நல்ல ஆல்பம்தான். உன் குரலோடு என்றால், இதற்கு முன் நான் செய்த எதுவும் தேவையில்லை.

அக்கா


ஜூலை 23

அக்கா,

எடுக்காதே.

தையலக்கா கடையிலேயே நின்றுகொண்டு எழுதுகிறேன். இன்றே விரைவுத் தபாலில் போடுகிறேன் என்கிறார்.

சு.


ஆகஸ்ட் 28, இரவு

அக்கா,

விளக்கைப் போட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன். கோடு நேராக வருகிறது.

இன்று ஆல்பம் வந்துவிட்டது. உனக்குத் தெரியும்தானே, என்ன பேச்சு இது. சாயங்காலம் கடையில் இருந்தேன். பிரேமின் திருகு கழன்றுவிட்டது என்று ஒரு கல்லூரிப் பையன் வந்தான். அப்பா சின்ன திருகாணிக் கருவியை எடுத்து முடுக்கிக்கொண்டிருந்தார். அவன் சுவரில் இருந்த படத்தைப் பார்த்துவிட்டு, "சார், இவங்க சொந்த ஆல்பம் இன்னிக்கு வந்துடுச்சு, கேட்டீங்களா?" என்று கேட்டான். அப்பா இல்லை என்று சொல்வதற்குள் அவன் போனில் போட்டுவிட்டான்.

முதலில் மெஷின் ஓடியது. பிறகு நான்.

எனக்கு என் குரலே யாருடையதோ போல் இருந்தது. கடை முழுக்கக் கேட்டது. ரெண்டு சொன்னதும் அப்பாவின் கை நின்றது. அந்த இடைவெளியில் நான் அப்பாவைப் பார்த்தேன். அப்பா என்னைப் பார்க்கவில்லை, திருகையே பார்த்துக்கொண்டிருந்தார். நாலு வந்தது. உடனே நீ வந்தாய். மேசையில் வைத்திருந்த லென்ஸ் எல்லாம் தட்டில் குதித்தன. அந்தச் சின்ன போனிலேயே அப்படி.

பையன், "இது உங்க பொண்ணுதானே சார்?" என்றான்.

அப்பா, "எந்தப் பொண்ணைக் கேக்கற?" என்றார்.

அவனுக்குப் புரியவில்லை. எனக்குப் புரிந்துவிட்டது. அப்பா திருகை முடுக்கிக் கொடுத்து அவனை அனுப்பிவிட்டுக் கடையைச் சீக்கிரம் சாத்தினார். வழி முழுக்க எனக்கு முன்னால் நடந்தார். சாப்பிடும்போது ஒரே ஒரு வார்த்தை கேட்டார்: "தொண்டை சரியா இருக்கா?" தலையாட்டினேன். அவ்வளவுதான். அம்மா டூட்டிக்குக் கிளம்பும்போது என் தோளை அழுத்திவிட்டுப் போனாள்.

இப்போது அவர் முன்னறையில் உட்கார்ந்து பெரிய ஸ்பீக்கரில் உன் ஆல்பத்தைப் போட்டிருக்கிறார். முதலில் சத்தத்தைக் குறைத்து வைத்து, என் எண்ணிக்கையை மட்டும் போட்டார். நிறுத்தினார். மறுபடி போட்டார். என்னைத் திட்ட மனசில் வார்த்தை கோக்கிறார் என்று நினைத்தேன். பிறகு நிறுத்தாமல் ஓட விட்டார். சத்தத்தைக் கூட்டினார். என் அலமாரிக் கதவு அதிர்கிறது. மேல்வீட்டுக்காரர் தரையைத் தட்டினார். அப்பா இன்னும் கூட்டினார். இதற்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியவில்லை. அவர் கோபத்திலும் உன்னைக் கேட்கிறவர்தானே.

இன்று கடையில் எனக்கு நடந்ததைச் சொல்ல வேண்டும். பயம் வந்தது. வந்து நின்றது. பிறகு நீ அடிக்க ஆரம்பித்ததும், இதை நான்தான் ஆரம்பித்து வைத்தேன் என்று தோன்றியது. அந்தப் பையன் தலையை ஆட்டிக்கொண்டே கேட்டான். அவனிடம் போய், "அது நான்" என்று சொல்லலாம் போல இருந்தது. வகுப்பில் வருகைக்குக்கூடக் குரல் கொடுக்க முடியாத எனக்கு.

அதனால் முடிவு செய்துவிட்டேன். அவர் கேட்பதற்குள் நானே சொல்லிவிடுவேன். அக்கா கட்டாயப்படுத்தவில்லை, வேண்டாம் என்றால் எடுத்துவிடுகிறேன் என்று எழுதினாள், நான்தான் எடுக்காதே என்றேன் என்று சொல்வேன். தையலக்கா பேரை மட்டும் சொல்ல மாட்டேன். விடுதி என்றால் விடுதி. அங்கேயும் வருகை எடுப்பார்கள். சத்தமாகச் சொல்லிக்கொள்கிறேன்.

அடுத்த ஆல்பத்தில் என் பேரைப் போட்டுக்கொள். முழுப் பேர். சுண்டெலி என்று போட்டுவிடாதே.

பாட்டு நின்றுவிட்டது. நாற்காலி நகர்கிறது. இந்தப் பக்கம்தான் வருகிறார். இதை ஒளிக்கப் போவதில்லை அக்கா, மேசை மேலேயே இருக்கட்டும். கதவைத் திறந்ததும் நான் முதலில் சொல்லப் போவது

தட்டுகிறார்